இருபத்து நான்கு டின் வெயில்

சென்னையில் இருந்துகொண்டு சூடு போதவில்லை என்று தவித்தவர் என் பெரியப்பா ஒருவராகத்தான் இருப்பார். பகலில் அவருக்கு அச்சகத்தில் வேலை. விடிவதற்கு முன் எழுந்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வீணைகளைப் பழுது பார்ப்பார். மார்கழிக் குளிரில், மரம் ஒட்டும் பசை அவர் தடவி முடிப்பதற்குள் இறுகிவிடும். மற்ற பட்டறைகளில் கரியடுப்பு மூட்டிக்கொள்வார்கள். பெரியப்பாவுக்கு இழுப்பு, புகை ஆகாது.

அதனால் காலி எண்ணெய் டின்களைக் கழுவி, வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பினார். கொட்டகையின் தெற்குச் சுவரில் கண்ணாடி பதித்து, அதன் பின்னால் அடுக்கினார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பகலெல்லாம் காய்ந்த டின்கள் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விடியும்போதும் உள்ளே கதகதப்பாக இருக்கும். மொத்தம் இருபத்து நான்கு டின்கள். தினமும் எண்ணுவேன். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தெருக்குழாய் வறண்டு கிடந்தது. ஒருநாள் எதிர்வீட்டு அத்தை குடத்தோடு வந்தார். அவர் மகள் பிரசவமாகி வந்திருந்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டில் அப்போது பெரியவர்கள் யாருமில்லை. எங்களிடமும் இல்லை என்றேன். அத்தை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப அது இன்னா நைனா?"

பெரியப்பா சொல்வதையே நானும் சொன்னேன். "அது தண்ணி இல்ல அத்த, வெயில்."

அத்தை சிரிக்கவில்லை, வெறுங்குடத்தோடு போய்விட்டார். சிரித்தது தெருதான். மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது குழாயடியில் காத்திருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்: "டேய், உங்க வூட்ல ரெண்டு கொடம் வெயில் கெடைக்குமா?" ஒன்பது பேரும் சிரித்தார்கள். எழுதவே கூசுகிறது; அன்று மாலை பெரியப்பாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன், எல்லாரையும்போலக் கரியடுப்பு வைத்துக்கொண்டால் என்ன என்று.

அவர் விசாரித்ததெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். அத்தையை அழைத்துவரச் சொல்லி, முதல் டின்னைத் தானே சாய்த்து ஊற்றினார். அத்தை குடத்தில் கைவிட்டுப் பார்த்தார்.

"வெதுவெதுன்னு கீதே. கொயந்தைக்கு அப்டியே ஊத்தலாம்."

பின்னாலேயே மற்றவர்களும் குடங்களோடு வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று சொல்ல பெரியப்பாவுக்கு வரவில்லை. மறுநாள் மாலைக் கச்சேரிக்கு ஒரு வீணை போயாக வேண்டுமே என்று அம்மா கவலைப்பட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றார். இருட்டுவதற்குள் எல்லா டின்களும் காலி.

விடிகாலையில் கொட்டகையில் கரியடுப்பு எரிந்தது. பெரியப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பசை தடவினார். இருமல் வந்தபோதெல்லாம் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி உள்ளே போனார். அம்மா வெந்நீரோடு வாசலிலேயே நின்றாள்.

நான் கூரையிடுக்கில் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எங்களுடையதும் மற்ற பட்டறைகளைப் போல ஒரு பட்டறை; யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு நண்பனை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். பெரியப்பா சுவரில் சாய்ந்தபடியே அவனுக்குக் கையசைத்தார். அவருக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.