வெடிப்பு தின்ற சுண்ணாம்பு

எண்பதுகளில் சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதிலாவது, புது வெள்ளைக்கு நடுவே கரியால் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு தேதியும் கண்ணில் பட்டால், அது சண்முகையாவின் வேலை. சுவர் வெடிப்பு எதுவரை வந்திருக்கிறதோ அங்கே கோடு போடுவார். அடுத்த வருஷம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் தலைமையாசிரியர் முன்னால் போய் நிற்பார். “வெள்ளையடிக்க வந்தீரா, குத்தம் கண்டுபிடிக்க வந்தீரா?” என்று எரிந்து விழுந்தவர்கள் உண்டு. “ரெண்டுக்குந்தான்” என்று சொல்லிவிட்டு மட்டையைச் சுண்ணாம்பில் முக்குவார்.

பிறவியிலேயே இப்படிப்பட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வருஷம் அவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்தான்.

நெசவாளர் தெருவில் ஓர் ஆரம்பப் பள்ளி. செங்கல்லும் செம்மண் சாந்தும் வைத்துக் கட்டியது, மேலே நாட்டு ஓடு. கைத்தறிக் காலத்துக் கட்டடம் அது. அறுபத்தெட்டில் பக்கத்து மனையில் விசைத்தறிக் கொட்டகை வந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரிவரை தடதடவென்று தரையே அதிரும். மறு வருஷம் மூன்றாம் வகுப்பின் மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது.

வருஷா வருஷம் தை மாதம் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு முந்தின நாள் சண்முகையாவைக் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் வெள்ளையடிப்பது என்றுதான் அந்த ஊரில் அர்த்தம். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணில் பள்ளிக்கூடம் பட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

வெடிப்பை அடைக்க முதல் வருஷம் ஒரு சிரட்டைச் சுண்ணாம்பு போதுமாக இருந்தது. மூன்றாம் வருஷம் மூன்று சிரட்டை. எழுபத்தெட்டில் அரைச் சட்டி. அது வளர்கிறது என்று அந்த ஊரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். பூசி முடித்ததும் சுவர் பால் போல இருக்கும். அதைப் பார்த்து இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

எழுபத்தொன்பது தையிலும் சட்டியும் ஏணியுமாக வந்தார். மூன்றாம் வகுப்பில் சுவரைத் தடவினார். உள்ளே விரல் போயிற்று, மணிக்கட்டு வரை போயிற்று. வந்த கையோடு தலைமையாசிரியர் பவுல்பாண்டியனிடம் போனார்.

“சார், இந்த வருசம் அது ஒரு சட்டி கேக்கும் போலிருக்கு.”

“அதுக்கு இப்ப என்னங்கீரு? பூசிவிடும்.”

“பூசுனா நிக்காது சார். பிள்ளைக உக்காருத எடம்.”

பவுல்பாண்டியன் கெட்டவர் அல்ல. பதினெட்டு வருஷமாக அந்தத் தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைப் பிடித்து வந்து உட்கார வைத்தவர். அவர் மெதுவாகச் சொன்னார்.

“வே, கட்டடம் சரியில்லைன்னு இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதிட்டாருன்னா அங்கீகாரம் போயிரும். பள்ளிக்கூடத்தைப் பூட்டுனா மறுநாளே அம்புட்டுப் பிள்ளையும் தறிக்கு நூல் தார் சுத்தப் போயிரும். சுவர் இன்னும் ஒரு வருசம் நிக்கும். போன பிள்ளைக திரும்பி வராது.”

சண்முகையாவே ஏழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தார் சுற்றப் போனவர்தான். திரும்பி வந்து சுண்ணாம்பைக் குழைத்தார். அடைப்பதற்கு முன்னால் வெடிப்புக்குள் இருந்த குப்பையை விரலால் நோண்டினார். சிலேட்டுக் குச்சிகள் வந்தன. சுவரோரத்துப் பிள்ளைகள் வெடிப்பை அலமாரியாக்கி வைத்திருந்தார்கள். நாலாவதாக வந்த குச்சியில் பச்சை நூல் சுற்றியிருந்தது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரே சுற்றிக் கொடுத்த நூல். மகள் பேச்சி அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். உயரமான பிள்ளை என்று கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அடைக்கக் குழைத்த சுண்ணாம்பை ஒதுக்கி வைத்தார். பிறகு சுவர் முழுக்க வெள்ளையடித்தார், வெடிப்பை மட்டும் விட்டுவிட்டு.

மறுநாள் காலை தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டரோடுதான் அந்த அறைக்குள் வந்தார். வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு கோடு. பவுல்பாண்டியன் முகத்தில் ஈயாடவில்லை. ஏணியை எடுத்துப் போகிற சாக்கில் வாசலில் நின்ற சண்முகையாவை இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

“இதை ஏன் விட்டுட்டீரு?”

“அது வளருதுங்கய்யா. மொத வருசம் ஒரு சிரட்டை தின்னுச்சு. இப்ப ஒரு சட்டி கேக்குது.”

இன்ஸ்பெக்டர் தன் பேனாவை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். மூடி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்று எழுதினார்: இன்று முதல் இந்த அறையில் பிள்ளைகள் உட்காரக்கூடாது, ஜூன் திறப்புக்குள் சுவரை இடித்துக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அங்கீகாரம் இல்லை. மூன்றாம் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போயிற்று. பவுல்பாண்டியன் ஒரு மாதம் சண்முகையாவோடு பேசவில்லை. ஆனால் சுவருக்குப் பணம் திரட்டத் தெருத்தெருவாக ஏறி இறங்கினார். விசைத்தறி முதலாளியே செங்கல் இறக்கினார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இடித்தார்கள். கடப்பாரை, சம்மட்டி எல்லாம் தயாராக இருந்தது. முதலில் ஓடுகளையும் கட்டைகளையும் இறக்கிவிட்டு, சுவரில் கயிற்றைக் கட்டி நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் இழுப்பிலேயே சுவர் மொத்தமும் உள்பக்கமாகச் சரிந்து, கடைசி வரிசை இருந்த இடத்தை மூடிற்று. தூசி அடங்க நேரமாயிற்று.

மண்ணுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பாளங்கள் கிடந்தன. பவுல்பாண்டியன் ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஏடு ஏடாகப் பத்து அடுக்கு. செம்மண் எப்போதோ பொடிந்து போயிருந்தது. சுவர் நின்றது அந்தச் சுண்ணாம்பில்தான்.

“உம்மால பிள்ளைக பிழைச்சுது வே” என்றார்.

சண்முகையா அந்தப் பாளத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“பேச்சி இங்கன வந்து உக்காந்த பொறவுதான சார் எனக்கு வாய் வந்துச்சு. பத்து வருசமா ஊரார் பிள்ளைகதான உக்காந்துச்சு. பூசிட்டுத்தான போனேன்.”