தேரோட்டத்துக்கு வந்த அம்மை

ஆனித் தேரோட்டம் வந்தால் டவுணில் ரதவீதிக்காரர்களுக்கு விருந்தாளித் தொல்லைதான். ஒரு வருஷம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கொடியேறிய அன்றே வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டுக்குள் உறவுக்காரர்கள் காலெடுத்து வைக்கமாட்டார்கள் அல்லவா?

ஆனால் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் நுழைந்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

அப்பா முழங்கையிலிருந்த கொசுக்கடியைக் காட்டினார்.

"மொதல்ல காய்ச்சல் அடிச்சுதா?"

"இல்லியே."

"காய்ச்சலடிச்ச பெறவுதான் முத்துப் போடும். மூஞ்சியிலயும் போடும். அங்கன ஒண்ணையும் காணோமே. இது கொசுல்லா!"

சொன்னவர் சும்மா போகவில்லை. வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் அம்மை குத்திவிட்டுத்தான் போனார். குத்திய இடம் பழுத்து, ஒரு வாரத்துக்குள் வீடே காய்ச்சலில் படுத்துவிட்டது. அது அம்மையில்லை, அம்மை குத்தியதால் வந்த காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் அக்கா குடும்பத்தோடு வந்து இறங்கினாள்.

"அம்மைன்னாத்தான் வரப்படாது தம்பி. காய்ச்சலுக்கு வரலாம்லா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை உள்ளே வைத்தாள்.

அவ்வளவு பெரிய தேரே நகர்ந்து நிலைக்கு வந்துவிட்டது. அத்தை நகரவில்லை.