இறுக்கிக் கட்டிய படங்கு

சாந்தன்பாறையில் ஒரு விடுதியின் பாறைத்தோட்டம் என் பொறுப்பு. குளிர்மலையில் வளரும் விரலுயரப் பூச்செடிகள். ஒரே வேரிலிருந்து வருடா வருடம் பூப்பவை. தூரில் ஈரம் நின்றால் அழுகிவிடும். ஒருநாள் குத்துக்காலிட்டுச் சரளைக்கல் பரப்பிவிட்டு எழுந்தேன். காலிடையில் ஏதோ சதை இறங்கி நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? தேயிலை கிள்ளிய காலத்துப் படங்கை (சேலை நனையாமல் இடுப்பில் சுற்றும் தடித்த விரிப்பு) தேடியெடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். தாங்கிப் பிடிக்கும் என்று நினைப்பு. அதோடு ஏழு மாதம் கல் சுமந்தேன். சிறுநீர் கசிந்தது. மாதா கோயிலில் கடைசி வரிசைக்கு நகர்ந்தேன்.

மூன்றாம் மாதம், கூட வேலை செய்யும் செல்வி கல்லைக் கீழே போட்டாள். "யக்கா, அடியில என்னமோ எறங்குது."

என் நோயை அவள் வாயில் கேட்டதும் பயந்துபோனேன். பயத்தை மறைக்கச் சிரித்தேன். "இதெல்லாம் ஒரு சீக்காட்டி? படங்க இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலையப் பாரு." நானே கட்டியும் விட்டேன்.

கடைசியில் ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"எத்தன மாசமாச்சு சேச்சி?" என்றார் மலையாளத்து டாக்டரம்மா.

"பத்து நாளு" என்றேன்.

அவர் என் இடுப்பிலிருந்த கயிற்றுத் தழும்பைப் பார்த்தார். கருப்பை இறக்கம் (கருப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து அது கீழிறங்குவது) என்றார். "வயித்த இறுக்கினா உள்ள இருக்கறது கீழ தானே போகும்?"

ஏசுவே! அப்போது எனக்கு என் உடம்பு நினைவுக்கு வரவில்லை. செல்வியின் இடுப்புதான் வந்தது.

கருப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீருக்கும் இன்னொருவரை எதிர்பார்த்தேன். இப்போதெல்லாம் குனியும்முன் உடம்பிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு செடியைச் சுற்றிச் சரளை போடவே காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும்.

அறுவை முடிந்த இரண்டாம் வாரம் செல்வி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். உட்காரும்போது முகம் சுளித்தாள். "நீங்க சொன்னபடி இறுக்கித்தான்க்கா கட்டுதேன். இன்னும் எறங்குறது நிக்கல."

வெட்கத்தோடு அவளருகில் போனேன். கயிற்றை நானே அவிழ்த்துவிட்டேன். என் தழும்பு இருந்த அதே இடத்தில் அவளுக்கும் தழும்பு.

அடுத்த பரிசோதனைக்கு அவளையும் அழைத்துப்போனேன். டாக்டரம்மா அவளிடமும் அதையே கேட்டார். "எத்தன மாசமாச்சு?"

செல்வி தலை குனிந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அஞ்சு மாசம் டாக்டர். நாந்தான் கட்டிவிட்டேன்."