ஜெசி கேட்கவே மாட்டேங்கிறா

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு என் மகள் அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. பொம்மை கேட்டு அழவில்லை. பசியாலும் இல்லை – காலையில் பூசை முடிந்து, இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் காய்கறி வாங்க வந்திருந்தோம்.

ஒரே ஒரு தமிழ்ச் சொல்லால் அழுதாள். நம்புவீர்களா?

சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜெசியைத் தெரியும். இன்றைக்குத்தான் முதல் தடவை படிக்கிறீர்கள் என்றால் – ஜெசிந்தா, பத்து வயது, தொடக்கநிலை நான்கு, எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் அவள் வாய் ஓயாது. மீன் தூங்கும்போது கண்ணை மூடுமா? உப்பு கடலுக்குள் எப்படிப் போனது? கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது? நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. இதற்கெல்லாம் நான் எங்கே போவேன்?

ஜெசிக்கு ஒரு கனவு உண்டு. அவள் பள்ளியில் தமிழ் விழா வருகிறது. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெண் பொறியாளர் சிறப்பு விருந்தினர். அவரை மேடையில் பேட்டி எடுக்க மாணவர் ஒருவர் வேண்டும். அந்த மைக் தன் கைக்கு வரவேண்டும் – இதுதான் கனவு. அதற்காகத் தலை சீவும் சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு தினமும் ஒத்திகை. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது என் மனைவி பிலோதான்.

"வணக்கம் திருமதி பிலோமினா. எங்க வாசகர்கள் எல்லாரும் கேட்கிறாங்க... இன்னிக்கும் ஏன் ரசம்?"

"வணக்கம். உங்க அப்பா நேத்து வாங்க வேண்டிய காயை வாங்கலங்க. அடுத்த கேள்வி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வந்தது. பிலோவுக்கு வேலை. நான் போனேன். ஜெசியை வெளியே உட்காரவைத்துவிட்டு, தமிழ் ஆசிரியை சாந்தி டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பின்னால் நீண்ட வரிசை. டீச்சர் வேகமாகப் பேசினார்.

"ஜெசி நல்ல பிள்ளை சார். எழுத்தும் நல்லா இருக்கு. மைக்குக்கு அவ பேரைக் கொடுக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா வகுப்புல கேட்கவே மாட்டேங்கிறா. இப்படியே இருந்தா எப்படிக் கொடுக்கிறது? வீட்டுல கொஞ்சம் சொல்லுங்க."

சொல்கிறேன் டீச்சர் என்று எழுந்துவிட்டேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேருந்தில் நாள் முழுக்க நான் சொல்வது இரண்டே சொற்கள். "சொன்னா கேளு." பெல்ட் போடு, சொன்னா கேளு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே, சொன்னா கேளு. அவன் தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடு, சொன்னா கேளு. இப்படிப்பட்ட ஆளிடம் வந்து, உங்கள் மகள் கேட்கவே மாட்டேன் என்கிறாள் என்றால் என் காதில் எப்படி விழும்?

அடங்காத பிள்ளை என்று விழுந்தது.

வீடு திரும்ப எல்ஆர்டி ரயில் ஏறினோம். எங்கள் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியில் போயிருக்கிறீர்களா? ரயில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாக வெளுத்துப் பால் போல ஆகிவிடும். அடுத்தவர் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக்கூடாது, அதற்காக. வீடுகளைத் தாண்டியதும் பழையபடி தெளிந்துவிடும். ஜெசி ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வீடு வந்துருச்சுன்னு கண்ணாடிக்கு எப்படித் தெரியும்?"

"அது இருக்கட்டும். முதல்ல நான் சொல்றதைக் கேளு. நீ வகுப்புல கேட்கிறதே இல்லையாமே? டீச்சர் சொல்றாங்க."

"கேட்கிறேனே ப்பா."

"அப்ப டீச்சர் பொய் சொல்றாங்களா?"

"இல்ல ப்பா..."

"மைக் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப நல்லாக் கேட்கணும். கையைக் கட்டணும், வாயை மூடணும், டீச்சர் என்ன சொல்றாங்களோ அதைக் கேட்கணும். ஓகே?"

"ஓகே லா ப்பா."

கண்ணாடி மறுபடி வெளுத்தது. ஜெசி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. மீன் தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன என்கிற மாதிரி சாப்பிட்டாள், எழுந்தாள், வீட்டுப்பாடம் செய்தாள். சீப்பு தலை சீவ மட்டும் பயன்பட்டது. தொடர்ந்து மூன்று நாள் ரசம் வைத்துப் பார்த்தாள் பிலோ. அதற்கும் ஒரு கேள்வி வரவில்லை.

"என்னங்க, பிள்ளை என்னமோ மாதிரி இருக்கா."

"திருந்திட்டா," என்றேன்.

உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. ஒரே பேச்சில் பிள்ளையைத் திருத்திவிட்ட அப்பா... எத்தனை பேருக்கு அமையும்?

இப்போது முருங்கைக்காய்க்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தெரிந்தவர்கள் யாரையும் பார்க்காமல் திரும்பிவிட முடியுமா? பிலோ காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காய்க்காரரிடம் விலை விசாரித்தேன். பக்கத்தில் ஒரு கை நீண்டு, ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் சாந்தி டீச்சர்.

"வணக்கம் சார். நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீட்டுல சொன்னீங்களா? முன்னயாவது பரவாயில்ல, இப்ப சுத்தமாக் கேட்கிறதே இல்லையே இவ. நாளைக்கு மைக்குக்குப் பேரைக் கொடுக்கணும். மனசு கேட்கல சார்... ஆனா வேற பிள்ளை பேரைத்தான் கொடுக்கணும் போலிருக்கு."

எனக்கு முகம் தொங்கிப்போனது. ஜெசி பக்கம் திரும்பினேன்.

"அவ்வளவு சொல்லியும் நீ கேட்கலையா?"

அப்போதுதான் அழுதாள்.

"கேட்டேன் ப்பா. கையைக் கட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, தினமும் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் கேட்டேன்."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையைக் கட்டிக்கிட்டா?"

"ஆமா டீச்சர். அப்பா சொன்னாங்க."

"சார்... நான் சொன்னது கேள்வி. வகுப்புல ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேங்கிறான்னு சொன்னேன். பேட்டி எடுக்கிற பிள்ளை கேள்வி கேட்கணும்ல?"

முருங்கைக்காயைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

பிலோதான் முதலில் பேசினாள். "இத்தனை நாளா பிள்ளை வாயை மூடிக்கிட்டு இருந்தது இதுக்குத்தானா? அவ என்ன கேட்கலன்னு டீச்சர்கிட்ட அன்னிக்கே ஒரு வார்த்தை நீங்க கேட்டிருக்கலாம்லங்க?"

கேட்டிருக்கலாம்தான். கேள்வி கேட்காத பிள்ளையைப் பற்றிப் பேச வந்த அப்பா, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறேன். அவளுக்காவது பத்து வயது.

"ஏம்மா, வீட்டுல அவ்வளவு கேட்கிற. வகுப்புல மட்டும் ஏன்?" என்றாள் பிலோ.

"தப்பாக் கேட்டா சிரிப்பாங்கம்மா."

அதற்குள் காய்க்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, விலை கேட்டீங்க, சொன்னேன். காதுல கேட்டுச்சா, கேட்கலையா?"

ஜெசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கொட்டாவிக் கேள்வி வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் பார்த்தாள்.

"அப்பா, டீச்சர்கிட்ட ஒண்ணு கேட்கலாமா?"

"ம்."

"டீச்சர், அந்த அங்கிள் காதுல கேட்டுச்சாங்கிறாரு. அம்மா ஏன் கேட்கலங்கிறாங்க. நீங்க மனசு கேட்கலன்னு சொன்னீங்க. அப்பா எப்பவும் சொன்னா கேளும்பாரு. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வார்த்தை இருக்கு. தமிழ்ல மட்டும் ஏன் எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ணு?"

டீச்சர் கையில் முருங்கைக்காய் அப்படியே நின்றது.

"தெரியலையேம்மா," என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமாச் சொல்லிக் கொடுக்கிறேன். இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல."

"தப்பான கேள்வியா டீச்சர்?"

"டீச்சரே யோசிக்கிறேன். தப்பான கேள்வியா இருக்குமா? நாளைக்கு வகுப்புல எல்லார் முன்னாலயும் இதையே கேளு. நீ கேட்டாத்தான் நான் பேரைக் கொடுப்பேன். சரியா?"

ஜெசி தலையாட்டினாள். ஆனால் முகத்தில் பயம் இருந்தது. சிரிப்பார்களே.

பிள்ளைகளே, அன்று இரவு படுக்கையில் இதையேதான் யோசித்தேன். 'கேள்' என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காதைத் திறக்கிறார். இன்னொருவர் வாயைத் திறக்கிறார். பெரியவர்களாகிய நாங்கள் காதுக்காரரை மட்டும் உங்களிடம் அனுப்பிவைக்கிறோம், எங்களுக்கு வசதியாக. பேருந்தும் அமைதியாகப் போகும், வீடும் அமைதியாக இருக்கும். வாய்க்காரர்? அவரைக் கையைக் கட்டி மூலையில் உட்காரவைத்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் அவர் எழுந்து நிற்கவே மறந்துபோகிறார். என் வீட்டில் அப்படித்தான் ஆகப் பார்த்தது.

பேருந்தில் நான் இனிமேல் "சொன்னா கேளு" சொல்ல மாட்டேன் என்று நினைக்காதீர்கள். சொல்வேன். பெல்ட் போடத்தான் வேண்டும். ஆனால் போட்டுக்கொண்டே, எதற்கு அங்கிள் பெல்ட் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் வாய் இருக்கிறது, பதில் சொல்வேன்.

திங்கட்கிழமை கடைசிச் சுற்றை முடித்து, பேருந்தை நிறுத்திவிட்டு, பாட்டுப் பயிற்சி முடிந்து வரும் ஜெசியைக் கூப்பிடப் போனேன். பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்ஆர்டி ஏறி உட்காரும்வரை பொறுத்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"கேட்டேன்."

"எந்தக் கேட்டேன்?"

சிரித்துவிட்டாள். "கேள்வி ப்பா. எழுந்து நின்னு கேட்டேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"சிரிச்சவன்ல ஒருத்தன் எழுந்து, டீச்சர், 'படி'ங்கிறதும் அப்படித்தானே, மாடிப்படியும் படி, பாடம் படிக்கிறதும் படி, அது ஏன்னு கேட்டான். அப்புறம் எல்லாரும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. பாடமே நடக்கல."

"மைக்?"

அவள் பைக்குள் கையை விட்டுச் சீப்பை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். விஷயம் புரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரயில் அடுக்குமாடி வீடுகளை நெருங்கியது. ஜன்னல் கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. ஜெசி அதைப் பார்த்தாள். பிறகு, சீப்பை இறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"அப்பா, வீடு வந்துருச்சுன்னு கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நீங்க சொல்லவே இல்ல."

எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். "நீ என்ன நினைக்கிற?" என்றும் சொன்னேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்தாள். தண்டவாளம் சொல்லுமா, கண்ணாடிக்குள் கண் இருக்குமா, இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டால் அப்போதும் வெளுக்குமா... நாங்கள் இறங்கும் நிலையம் வரை ஓயவில்லை.

அவள் கேட்டாள். நான் கேட்டேன்.