சம்பந்திக்குக் கொடுத்த துப்பாக்கி

எந்த அலுவலகத்து வாசலிலும் ஒரோசகுன் முதலில் தொப்பியைக் கழற்றுவார். உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதைத் தலைகீழாகப் பிடித்து, உள்பட்டைக்குள் விரலை விட்டு, நான்காக மடித்த காகிதங்களை உருவுவார். தொடையில் வைத்து நீவிவிடுவார். துப்பாக்கியின் எண் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று உதட்டை அசைத்துப் படிப்பார். பிறகுதான் கதவைத் தட்டுவார். பையை எங்காவது மறந்து வைத்துவிடலாம்; சட்டைப் பையில் ஓட்டை விழலாம். தொப்பியைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு வருகிற கிர்கிஸ்காரன் கிடையாது.

முப்பது வருஷம் நாரின் மலைப்பாதையில் பால் லாரி ஓட்டியவர். வருஷத்துக்கு ஒரு வேட்டைச் சீட்டு, ஒரு மலையாடு. அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. மகள் மேரிமின் கல்யாணத்தன்று, எல்லையைத் தாண்டி வந்திருந்த கசாக் சம்பந்தி தோசிம்கானுக்குக் காட்டுவதற்காக அந்தத் துப்பாக்கியை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தார். தோசிம்கான் இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வீட்ல இருந்தா மலையே வீட்ல இருக்கற மாதிரி, சம்பந்தி!"

பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் ஒரோசகுனைப் பார்த்தார்கள். சம்பந்தி ஒன்றை மெச்சிவிட்டால் அது அவருடையது.

"எடுத்துக்குங்க. இனி உங்களோடது," என்றார் ஒரோசகுன்.

தோசிம்கான் அங்கேயே தன் வெல்வெட் மேலங்கியைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார். மேலங்கிக்கு அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. அது அன்றே கைமாறிவிட்டது. துப்பாக்கி பெட்டிக்குத் திரும்பிப் போனது.

அது கைமாற இரண்டு குளிர்காலம் ஆனது.

"அந்த நாட்டு அனுமதியக் கொண்டாங்க. அப்பத்தான் வெளிய விட நாங்க அனுமதி குடுப்போம்," என்றாள் தலைநகரத்து அலுவலக ஜன்னலில் இருந்த பெண்.

"நீங்க விட்டாத்தான் உள்ள விடுவோம்னு அவங்க சொல்றாங்களே, மகளே."

"அது அவங்க சொல்றது, ஐயா. நான் எங்க தாள்ல இருக்கறதச் சொல்றேன்."

அவள் கெட்டவள் இல்லை. அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

எட்டு மாதம் கழித்து தோசிம்கான் எப்படியோ அந்தப் பக்கத்து அனுமதியை வாங்கி அனுப்பினார். மூன்று மாதம் செல்லும். அதை மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள்.

"ரெண்டு மொழியிலயும் துப்பாக்கிக்கு ஒரே சொல்லுதானே தம்பி. இதுல என்னத்த மொழிபெயர்ப்ப?"

"கீழ குத்துற முத்திரைய, அண்ணே," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அப்புறம் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துத் தோட்டாவின் தடத்தைப் பதிந்து வைக்க வேண்டும். சுடுகிற அதிகாரி விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்து சுட்டு, சான்றிதழ் எழுதி, அது மேலே போய்க் கீழே வருவதற்குள் மூன்று மாதம் முடிந்துவிட்டது.

இரண்டாவது அனுமதி ஜூலையில் வந்தது. ஒரோசகுன் அதைத் தொப்பிக்குள் வைத்து, ஏழு பேர் நெருக்கிய வாடகை வண்டியில் கணவாய் இறங்கினார். வழியெல்லாம் வெயில். ஜன்னலில் அந்தப் பெண் தாளை விரித்தாள்.

"ஐயா, அவங்க நாட்டு முத்திரைல றெக்க வச்ச குதிரை ரெண்டு இருக்கணும். ஒண்ணக் காணோமே?"

அவர் நெற்றியைத் துடைத்தார். விரலில் ஊதா மை ஒட்டியது.

"இங்க ஏறிடுச்சு போல, மகளே."

அவள் சிரித்தாள். பக்கத்து ஜன்னல்காரியைக் கூப்பிட்டு அவர் நெற்றியைக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். புது அசல் வேண்டும்.

சம்பந்தியிடம் இதைச் சொல்வதற்கு மூன்று நாள் ஆனது.  தொலைபேசியில் தோசிம்கான், "சரி சம்பந்தி, வாங்கிடலாம்," என்றார்.

ஆனால் மாதம் தவறாமல் அவரே கூப்பிடுவார்.

"எப்ப வருது, சம்பந்தி? மலையாடெல்லாம் பல்லு விழுந்து நிக்குது. பாவம், இன்னும் காக்க வைக்கறீங்களே!"

ஒரோசகுன் சிரித்துவிட்டு வைப்பார்.  சம்பந்தி வேடிக்கையாகக் கேட்டாலும் கேட்பது கேட்பதுதான். மேரிம் அந்த வீட்டில் மருமகள். வாய்ச்சொல்லில் மட்டும் கொடுத்தவனின் மகள் என்று அவளை யாராவது ஒரு பார்வை பார்த்துவிட்டால்?

"அவர் குடுத்த மேலங்கியப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறீங்க. நீங்க குடுத்தது இன்னும் நம்ம பொட்டியிலயே தூங்குது," என்றாள் ஒரு நாள் மனைவி புருல்.

அன்று முதல் மேலங்கியும் பெட்டியின் மேலேயே கிடந்தது.

மூன்றாவது முறை காகிதங்களைக் கண்ணாடித் தாளில் சுற்றித் தொப்பிக்குள் வைத்தார். அக்டோபரில் இரண்டு நாட்டு அனுமதிகளும் ஒருசேரச் செல்லுபடியாகிற ஒன்பது நாள் கிடைத்தது. நான்காம் நாள் எல்லைப் பாலத்துக்குப் போய்விட்டார். தோட்டா இல்லை, சுடும் பாகத்தைத் தனியே கழற்றித் துணியில் சுற்றியிருந்தார். அதிகாரிகள் எண்ணை நான்கு முறை வாசித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. முழங்கால் மட்டும் வலித்தது.

அந்தப் பக்கச் சாவடியில் தோசிம்கான் தன் மகள் வயிற்றுப் பேரனின் பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்து நின்றிருந்தார். பை நிறையக் காகிதங்கள். கையெழுத்துகள் முடிந்ததும் துப்பாக்கி உறையை இரண்டு கையாலும் வாங்கினார். கட்டிக்கொண்டார்கள். 

"வந்துருச்சு," என்றார் தோசிம்கான்.

"வந்துருச்சு," என்றார் ஒரோசகுன்.

வெறுங்கையோடு பாலத்தில் திரும்பி நடந்தார். தொப்பி லேசாக இருந்தது. பழக்கத்தில் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறு வசந்தத்தில் மேரிம் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோதுதான் மீதி தெரிந்தது. அந்த அனுமதிக்காக தோசிம்கான் வேட்டைக்காரர் தேர்வு எழுதி இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறியிருக்கிறார். கண், காது, மூளை என்று மருத்துவரிடம் வரிசையில் நின்றிருக்கிறார். சுவரில் இரும்புப் பெட்டி பதித்திருக்கிறார். மாதா மாதம் கூப்பிட்டது அனுமதியின் நாள் கரைந்துகொண்டிருந்த பயத்தில். 'நாப்பது பேர் கேக்கக் குடுத்தத வேணாம்னா மருமக முகம் என்னாகும்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கல்யாணப் பந்தியில் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கியதுதான் அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துப்பாக்கியைத் தொட்டது.