சமுத்திரத்துக்கு லீவு

எங்கள் தெருவில் யாரும் தனியாக மெட்ராஸ் போனதில்லை. ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தால்கூட நாலைந்து பேர் கூடவே கிளம்பிவிடுவார்கள். வலி ஒருவருக்கு, பீச் எல்லோருக்கும் என்பதுதான் கணக்கு. முதல் நாளே புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டுவார்கள். யார் வீட்டு ஜமுக்காளத்தை எடுத்துக்கொள்வது, யார் வீட்டுக் கூஜா ஒழுகாது என்றெல்லாம் விவாதம் நடக்கும். திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்குத் தெருவில் அதே பேச்சுதான். கள்ளக்குறிச்சியில் அன்றைக்கு எங்களுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது.

எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை வாய்க்காமலே இருந்தது. ஒரு தடவை கிளம்பும் நேரத்தில் எனக்கு அம்மை போட்டது. இன்னொரு தடவை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். இரண்டு தடவையும் என்னைப் பார்த்துக்கொள்ள மாமாதான் வீட்டில் நின்றார். நான் அழும்போதெல்லாம் மெட்ராஸில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தூங்க வைப்பார். பதினாலு மாடிக் கட்டடம், மிருகக்காட்சிசாலைச் சிங்கம், அலையடிக்கிற சமுத்திரம் எல்லாம் அவர் வாயால் கேட்டு எனக்கு மனப்பாடம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நைனார்பாளையத்தில் தாத்தாவின் நிலம் கைவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். விருத்தாசலத்தில் காலேஜ் படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குப் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்புப் படித்த அந்த வருஷம்தான் ஒரு பரீட்சையில் தேறினார். மெட்ராஸில் காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷத்தோடு அவருக்கு வயது வரம்பும் முடிகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அம்மா விளக்கேற்றும்போது சாமியிடம் சொல்வதுபோல மாமாவிடம்தான் சொல்வாள்.

"தம்பி, இத்த வுட்டா வேற இல்லடா."

இன்டர்வியூ என்றால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, முதல் பந்திக்கு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மாமா இரண்டு நாள் முன்னாலேயே தனியாக பஸ்ஸில் போய்விடுவதாகச் சொன்னார். அதைத் தெரு ஒப்புக்கொள்ளவில்லை. முக்கியமாக பாய் ஒப்புக்கொள்ளவில்லை. பாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்கள் புதுத்துணி எடுப்பது அவர் கடையில்தான். அவருடைய மகள் என் வகுப்பு, என் பெஞ்சு, என் உயிர்த் தோழி. சொந்தமாக வேன் வைத்திருந்த பாய் அவரே ஓட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் கொள்முதலுக்குப் போய்வருவார்.

"எதுக்கு மாப்ள பஸ்ல நசுங்கிக்கினு போற? நானும் சரக்கெடுக்கப் போவணும். மொத நாளு காலையில கெளம்பினா மத்தியானம் மெட்ராஸு. புள்ளைங்க சமுத்திரம் பாக்கட்டும். ராத்திரி எங்க சொந்தக்காரங்க வூட்ல படுத்துக்கினு, நீ காலையில குளிச்சி முழுகி மாப்பிள்ள மாதிரி இன்டர்வியூக்குப் போ" என்றார் பாய்.

சாலை மறியல் நடக்கப் போகிறது என்று அப்போதே ஊரில் பேச்சு இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் எங்கள் சனம்தான். அதனாலேயே அம்மாவுக்குப் பயம் வரவில்லை. நம்மாட்கள் நம்மை ஏன் மறிக்கப் போகிறார்கள் என்பது அவள் நியாயம். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் என் தோழியும் கைகோத்துக்கொண்டு "சமுத்திரம், சமுத்திரம்" என்று வீட்டைச் சுற்றி ஓடிய கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பாய், பாயம்மா, அம்மா, மாமா, நாங்கள் இருவர். அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை, அவர் நின்றுகொண்டார். பாய் தன் கடையிலிருந்து எடுத்துத் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு வேனுக்குள் கொக்கியில் தொங்கியது. நாளைக்கு மாமா போட்டுக்கொள்ளப்போகும் சட்டை. அதன் மேல் யாரும் சாயக்கூடாது, புளிச்சோற்றுக் கையால் தொடக்கூடாது, அதன் பக்கம் பார்த்துத் தும்மக்கூடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஜமுக்காளத்தில் படுத்து, அந்தச் சட்டை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனோம்.

கண் விழித்தபோது வேன் நின்றிருந்தது. வெளியே பார்த்தால் லாரி, லாரி, ஒரே லாரி. என்ன எழுத்தென்றே தெரியாத எழுத்தெல்லாம் எழுதிய லாரிகள். தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி ஒருவர் நடுரோட்டில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். வரிசையாக ஓட்டல்கள், மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள். என் வாழ்நாளில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"மாமா, மெட்ராஸ் வந்துடுச்சா?"

மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். பிறகு, "வந்துடுச்சி பாப்பா, எறங்கு" என்றார்.

அது உளுந்தூர்பேட்டை. மெட்ராஸ் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் வந்த வழியிலும் எங்களுக்குப் பின்னாலேயே வெட்டிவிட்டார்களாம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இந்தக் கவலையெல்லாம் பெரியவர்களுக்கு.

அம்மா உடனே ஒரு யோசனை செய்தாள். என்னைத் தூக்கி மாமாவின் இடுப்பில் வைத்தாள். "புள்ளைய எடுத்துக்கினு போய்க் கேளு. எறக்கப்பட்டு வுடுவாங்க. அந்தாண்ட போயிட்டா எதுனா லாரி கெடைக்கும்" என்றாள். எனக்கு எட்டு வயது. என் கால் இரண்டும் மாமாவின் முட்டி வரைக்கும் தொங்கியது. இந்தக் கோலத்தில் எங்களைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வந்திருக்காது, சிரிப்புத்தான் வந்திருக்கும். மாமாவும் கொஞ்ச தூரம் போனதும் என்னை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதன் மேலும் கீழுமாக நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து வந்து மாமாவின் ஊர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கையாலும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம புள்ளையாப் போயிட்ட. உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்களுக்குத்தான் தம்பி இத்தினி பேரு ரோட்ல கெடக்குறோம். இந்தாண்ட உன்ன வுட்டா அடுத்த மரத்துல வுட மாட்டான். விழுப்புரம் வரிக்கும் மரந்தான். ரெண்டு நாளு பொறுத்துக்கோ கண்ணு."

எனக்கு ஒரு பிஞ்சுப் புளியங்காய்க் கொத்தும் ஒடித்துக் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனுஷன் இருக்கிற மெட்ராஸ் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமா மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தெரிந்த வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புளியங்காயைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

"மெட்ராஸ்ல மரமெல்லாம் படுத்துக்கினு இருக்குமா மாமா?"

"ஆமா பாப்பா. நின்னுகினே இருந்தா கால் வலிக்காதா?" என்றார் மாமா.

அன்றைக்கு மத்தியானம் பாய்க்குத் தெரிந்தவர் ஒருவரின் ஓட்டல் மாடியில் ஓர் அறை கிடைத்தது. புளிச்சோற்றுக் கட்டைப் பிரித்தோம். சர்தார்ஜிக்கும் கொஞ்சம் போனது, அவரிடமிருந்து சப்பாத்தி வந்தது. நாங்கள் மெட்ராஸ் மெட்ராஸ் என்று பேசுவதைக் கேட்டு பாயம்மா மட்டும் அவ்வப்போது முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். பாய் மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேனில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நானும் என் தோழியும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை மாமா குளித்துத் தலை வாரி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தானும் போட்டார். அம்மா அவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டாள். மாமா எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, மெட்ராஸ் சுத்திப் பாக்கலாம்."

அப்படி ஒரு ஊர்சுற்றலை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று தெரிந்தது. அதுதான் பதினாலு மாடிக் கட்டடம் என்றார். மாடியைக் காணோமே என்று என் தோழி இழுத்தாள். மிச்ச மாடியெல்லாம் பூமிக்குள் இருப்பதாகவும் மேலே தெரிவது பதினாலாவது மாடி மட்டும்தான் என்றும் மாமா விளக்கினார். ஆடு ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றிருந்தது. அதுதான் மிருகக்காட்சிசாலை. சிங்கம் எங்கே என்று கேட்டதற்கு, மறியல் என்பதால் சிங்கம் வேலைக்கு வரவில்லை என்றார். லாரிகளுக்கு நடுவில் கண்ணாமூச்சி ஆடினோம். படுத்துக்கிடந்த மரத்தின் கிளையைப் பிடித்து ஊஞ்சல் ஆடினோம். கூட்டத்தில் நின்றிருந்த ஐஸ்காரரிடம் குச்சி ஐஸ் வாங்கினோம். அது வெள்ளைச் சட்டையில் சொட்டியதும் நாங்கள் பயந்துபோய் மாமாவைப் பார்த்தோம். அவர் குனிந்து கறையைப் பார்த்துவிட்டு, "போவட்டும், இனிமே இன்னா" என்றார். அது அவருடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டோம்.

என் தோழி கெட்டிக்காரி. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"மாமா, எங்க அத்தா சமுத்திரம் இருக்கும்னாரே, எங்க?"

மாமா தெருவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பெட்டிக்கடை, சைக்கிள் கடை எல்லாம் மூடிக்கிடந்தன.

"பாத்தியில்ல, எல்லாத்துக்கும் லீவு. சமுத்திரத்துக்கும் லீவு வுட்டுட்டாங்க" என்றார்.

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அலையெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தோம். ஓட்டலில் சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. மாமா அப்படியே நின்று அது அடித்து முடிகிற வரைக்கும் கேட்டார். மெட்ராஸ் கடிகாரம் என்பதால் அவ்வளவு மரியாதை என்று நானும் கூட நின்று கேட்டேன்.

வழி கிடைத்ததும் ஏரிக்கரை, கரும்புக்காடு என்று சுற்றிச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் மெட்ராஸ் கதை சொல்லிச் சொல்லி ராணிகள் மாதிரி இருந்தோம். பூமிக்குள் போகிற பதினாலு மாடிக் கட்டடத்தைப் பற்றிச் சொன்னபோது டீச்சர் சிரித்த சிரிப்பில்தான் சாயம் வெளுத்தது. வீட்டுக்கு வந்து மாமாவோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாமாவுக்கு அதற்குப் பிறகு இன்டர்வியூ எதுவும் வரவில்லை. பாய் அவரைத் தன் கடையில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். கடைசி வரைக்கும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். புதுத்துணி வாசனையிலேயே நாளெல்லாம் இருக்கிற மாமாவைப்போலக் கொடுத்து வைத்தவர் யாரும் இல்லை என்று நான் நினைத்தேன்.

ஒதுக்கீடு வந்தது. மாமாவுக்குத்தான் அதற்குள் வயது தாண்டியிருந்தது. நான் பன்னிரண்டாவது முடித்தபோது அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு மெட்ராஸில் காலேஜ் இடம் கிடைத்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வழக்கம்போலத் தெருவே கிளம்பியது. அதே பாய், தலை நரைத்த பாயம்மா, புளிச்சோறு. இந்தத் தடவை மாமாவை யாரும் வீட்டில் நிற்க விடவில்லை.

மெட்ராஸில் அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே ரோட்டோரம் வேனை நிறுத்தச் சொல்லி, மாமா இறங்கி அண்ணாந்து பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொரு மாடியாக எண்ணினார். கொஞ்சம் தப்பியது போலிருக்கிறது, மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"கரெக்டா பதினாலுதான் பாப்பா" என்றார்.

பீச்சில் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அலை காலைத் தொடும்போதெல்லாம் இரண்டு அடி பின்னால் ஓடினார். பாய் சிரித்துக்கொண்டே, "இன்னா மாப்ள, லீவு முடிஞ்சிடுச்சா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எனக்கு அம்மை போட்டபோதும், என் முழங்கால் பெயர்ந்தபோதும், மரம் விழுந்து கிடந்த அந்தக் காலையிலும் மெட்ராஸைப் பார்க்காமல் போனது நான் ஒருத்தி மட்டுமில்லை. இன்டர்வியூ அறை வாசலில் நிற்க வேண்டிய நேரத்தில், அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தானும் பார்த்திராத ஒரு ஊரைத்தான் மாமா எங்கள் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டியிருக்கிறார்.