வீட்டுக்குத் தூரம்

முதலில் விலங்கியல் படித்தேன். பிறகு உடற்கல்வி படித்தேன். அதுவும் போதாதென்று பி.எட். சேர்ந்தேன். "படிச்சிக்கினே இருந்தா எப்பதான் வேலைக்குப் போவ?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் வகையறாவில் கிடையாது. தவளையின் இதயத்தையும் குண்டு எறிதலையும் ஒரே ஆள் ஏன் படிக்க வேண்டும் என்று கல்லூரியிலும் கிண்டல் செய்தார்கள். இரண்டும் ஒரே உடம்பைப் பற்றிய படிப்புதானே என்பேன். யார் காதிலும் ஏறாது.

கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகவேண்டிய ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. உயிரியல் நடத்தத்தான் அனுப்பியிருந்தார்கள். என் சான்றிதழ்களைப் புரட்டிய தலைமையாசிரியை முகம் மலர்ந்துவிட்டார். அந்தப் பள்ளியில் பி.டி. ஆசிரியர் இடம் காலியாக இருந்தது.

"ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்" என்றார் பக்கத்தில் இருந்த கணக்கு சார். அவர் சிரிப்பில் சுரத்தில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆளில்லாத பி.டி. பீரியடுகளை எல்லாம் அவர்தான் வாங்கி வைத்திருந்தார்.

தலைமையாசிரியை ஒளிவுமறைவு இல்லாதவர். "ஒன்பதாவது பொண்ணுங்கள ஒரு மாசம் கிரவுண்டுக்குக் கூட்டிப் போம்மா. பாதி பேரு மரத்தடியிலயே உக்காந்திருப்பாங்க, பாத்துக்க. அப்படியே உக்காந்திருந்தாங்கன்னா அந்த பீரியட கணக்கு சாருக்கே குடுத்துடுவேன். நாலு பேராவது பாஸ் பண்ணட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளைகள் வாரத்தில் உடம்பை அசைப்பதே அந்த இரண்டு பீரியடில்தான். வீட்டுக்குப் போனால் பாத்திரம், தண்ணீர், தம்பி தங்கை. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் எப்போது ஓடுவார்கள்? விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஊர் அம்மன் கோயில். பள்ளியின் முன்கேட் வழியாக வெளியே போய், கோயில் வாசலைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். பின்பக்கம் ஒரு கேட் உண்டு. அது துருப்பிடித்துப் பூட்டிக் கிடந்தது. முதல் வகுப்பில் விசிலோடு கிளம்பியபோது ஏழெட்டுப் பெண்கள் நகரவில்லை. பள்ளி வளாகத்துப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

"இன்னாம்மா, வரல?" என்று ஒருத்தியைக் கேட்டேன். உயரமான பெண், நீளக் கால்கள். ஓடுவதற்கென்றே பிறந்த உடல்வாகு.

தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஊட்டுக்கு தூரம் மிஸ்" என்றாள்.

"அட, இவ்ளோதானா? நானும்தான் தூரம். கும்முடிப்பூண்டிலேர்ந்து தினம் ட்ரெயினு, ஆட்டோன்னு வந்துக்கினு கீறேன். நானே ஓடல? வா வா!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கோயில் வாசலைத் தாண்டி முன்னால் போய், மைதானத்தை அவர்களோடு நானும் இரண்டு சுற்று ஓடினேன். அவள் ஓடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் ஓட்டத்தின் அழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது அறிவியல் டீச்சர்தான் விஷயத்தை உடைத்தார். வீட்டுக்குத் தூரம் என்றால் மாதவிலக்கு. இந்தப் பக்கத்தில் நெல் பயிரிடும் நிலக்காரர் வீடுகளில் அந்த நாட்களில் தனிப் பாய், தனி டம்ளர். கோயில் வாசலை மிதிக்கவே கூடாது. "நீ என்னடான்னா நானும் தூரம்னு கத்திகினு அம்மன் எதிர்லயே ஓடியிருக்க. ஊரே பேசுது" என்று சொல்லிவிட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சொல் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனிக்கு வந்தோம். அம்மாவும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். நாங்கள் வளர்ந்தது லைன் வீட்டில், ஒரே அறை. தள்ளி உட்காரச் சொன்னால் தெருவில்தான் உட்கார வேண்டும். முற்போக்கெல்லாம் ஒன்றுமில்லை, இடமில்லாததால் அந்த வழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்த நாட்களுக்குப் பெயர் 'ஷிப்ட்'. "எனக்கு ஷிப்ட் ஆரம்பிச்சிடுச்சி" என்று அம்மா என்னிடம் சொல்ல, "இன்னிக்கு உனக்கு லீவாச்சே?" என்று அப்பா குழம்பி நின்றதெல்லாம் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் உளறல் வேலை செய்தது. அடுத்த வகுப்பில் மரத்தடியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதற்கடுத்த வகுப்பில் யாருமே இல்லை. மிஸ்ஸே அப்படி ஓடினாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே வாரம் உறுப்பு மண்டலங்கள் பாடத்தில் இனப்பெருக்க மண்டலம் வந்தது. பசங்களே படித்துக்கொள்வார்கள், தள்ளிவிடு என்றார் அறிவியல் டீச்சர். நான் தள்ளவில்லை. கருப்பையைப் பலகையில் பெரிதாக வரைந்தேன். பையன்கள் மேசைக்கு அடியில் எதையோ தேடினார்கள். நீளக்கால் பெண் மட்டும் எழுந்து, "அப்ப அது கெட்ட ரத்தம் இல்லியா மிஸ்?" என்றாள். இல்லை என்றேன். உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டாள். அன்று பள்ளியை விட்டுக் கிளம்பும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. கோயில் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை அவர் மறுபடி வருவார், நானும் அறைக்கு வரவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். ஊரில் அந்தக் குடும்பத்துக்கு மரியாதை அதிகம். அவர்கள் பேச்செடுத்தால் பெண்களின் பி.டி. பீரியட் கணக்கு சாரிடம் போய்ச் சேர்ந்துவிடும். என் பயிற்சி அறிக்கையிலும் கை வைப்பார்கள்.

அன்று சாயங்காலம், வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"மரத்தடியில உக்கார வுட்டா உக்காந்துக்கட்டுமே. நீ ஏன்டி எழுப்புற?"

"மா, அது தீட்டுன்னு உக்கார வெக்கிறாங்க!"

"எதுன்னா இன்னா. உக்காருறாங்க இல்ல? எனக்கு பேக்கிங் லைன்ல நிக்கச்சொல்ல இடுப்பு வுட்டுப் போவுது. உக்காரும்மான்னு எவன் சொன்னான்? எங்களுக்கு ஒரு மரம் இருந்தா நாங்க உக்காந்திருப்போம்."

 கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை வருடம் படித்தேன். மாதத்தில் அந்த நாட்களில் அம்மா எப்படி நிற்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் விடியும்போதே எனக்கு ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. வழக்கமான லேசான வலிதான். முதல் பீரியட் பி.டி. கோயிலைத் தாண்டி நடந்து போனேன், பெண்களோடு ஓடினேன், வியர்வையோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

அந்தத் தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? தூரமா இருந்துகினு அம்மன் வாசல்ல போவலாமா? எம்பொண்ணையும் இஸ்துகினு போயிருக்க!"

தலைமையாசிரியை குறுக்கே புகுந்து எனக்கு வழி போட்டுக் கொடுத்தார். "அதான் சொன்னேனேம்மா. இவங்க ஊரு தூரம்னு சொல்லப்போயி புள்ளைங்க தப்பா எடுத்துக்கிச்சி. அன்னிக்கு இவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல." என் பக்கம் திரும்பி, "இல்லதானேம்மா?" என்றார்.

அது முழு உண்மை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், என் பயிற்சி தப்பித்துவிடும். ஆனால் சாயங்காலத்துக்குள் அது வகுப்புக்குப் போய்விடும். மிஸ் அன்னைக்கு அப்படி இல்லையாம் என்று தெரிந்த நிமிடமே எல்லாரும் மரத்தடிக்குத் திரும்பிவிடுவார்கள். பீரியடும் போய்விடும்.  அன்றைக்கும் இருந்தது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"அன்னிக்கு இல்ல மேடம்" என்றேன். "இன்னிக்குத்தான்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வையைப் பார்த்தார். புழுதி படிந்த என் ஷூவைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஓடினியா?" என்றார்.

"ஓடினேங்க."

"வலிக்கலியா?"

குரல் சட்டென்று இறங்கியிருந்தது. அதில் சண்டை இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மாவின் கெண்டைக்கால் ஞாபகம் வந்தது.

"எனக்கு லேசாத்தாங்க இருக்கு. சில பேருக்கு நிக்கவே முடியாது, அவங்க ஓடவே வேணாம். வலிச்சா உங்க பொண்ணு உக்காரட்டும், நானே உக்கார வெக்கிறேன். தூரம்னு மட்டும் உக்கார வேணாம்."

அவர் புடவைத் தலைப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் தலைமையாசிரியையிடம் பேசினார். "அம்மன் எதிர்ல போறது எனக்கு ஒப்பாது டீச்சரம்மா. அந்தப் பின்னாடி கேட்ட தொறந்து வுடுங்க. அப்டிக்கா போயி ஓடிக்கட்டும்."

எனக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. கோயிலைச் சுற்றிக்கொண்டு போவதற்கு நான் ஒத்துக்கொண்டதாக ஆகிறதே என்று உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனாலும் தலையாட்டினேன். அன்று மத்தியானமே பூட்டை உடைத்தார்கள். கணக்கு சார் முகம் கொஞ்சம் வாடியது.

பயிற்சி முடிகிற வாரத்தில் ஒரு நாள் விசில் ஊதினேன். பெண்கள் பின்கேட்டை நோக்கி ஓடினார்கள். நீளக்கால் பெண் மட்டும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். என் மனம் தொய்ந்துவிட்டது. இவ்வளவும் வீண்தானா என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"இன்னாம்மா?"

தலையைக் குனியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வயிறு வலிக்குது மிஸ். நாளைக்கு ஓடுறேன்."